பாக்கும் பாடக்குறிப்பும்

ஆசிரியத் தொழிலில் இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர், பல் வைத்தியர் ஒருவரிடம் நாம் பாடம் கேட்க நேர்ந்தது.

எம் அன்னையார் எழுபதை அணுகுபவர். மதிய உணவு முடிந்ததும் அவர் வெற்றிலைத் தட்டத்தை அருகிழுத்துப் பாக்கை உரலில் இடிக்கும் ஓசை, எம் இல்லத்தில் நாள் தவறாது ஒலித்து வந்தது. புகையிலையை அவர் தீண்டியதில்லை. ஆதலால் எமக்கும் ஐயம் எழவில்லை. சில காலமாகக் கறி மிக உறைக்கிறதென்று முறையிட்டார். முதுமையின் கோளாறென எண்ணி, மிளகாய்த்தூளைக் குறைக்குமாறு இல்லாளிடம் கூறி அமைந்தோம். அவரது ஆடிய பல்லொன்றைக் களைந்த வைத்தியரும் வேறெதுவும் கூறினாரல்லர்.

சென்ற ஆண்டு மற்றொரு பல் நொந்தது. இம்முறை கண்டவர், பேராதனையில் பட்டம் பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலானவர். பல்லை நோக்குமுன், "அம்மா, உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்துப் பற்களுக்கிடையில் வையுங்கள், பார்ப்போம்" என்றார். இரண்டு விரல்களுக்கே இடமிருந்தது. கன்னத்தின் உட்புறம் வெளிறி, வார்போல் இறுகியிருந்தது.

"நான் ஒருநாளும் போயிலை போட்டதில்லைத் தம்பி" என்றார் அன்னையார்.

"பாக்கே போதும், அம்மா."

பின்பு எமக்கு விளக்கினார். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985 இல் வெளியிட்ட நூலில், புகையிலை சேர்ந்த வெற்றிலையே புற்றுநோய் விளைப்பதென உறுதி கூறப்பட்டது. புகையிலை சேராததைப் பற்றி முடிவு கூறப் போதிய சான்று அன்று இருக்கவில்லை. 2004 இல் வெளிவந்த நூலிலோ பாக்குத்தானே புற்றுநோய் விளைப்பதென்று தீர்ந்தது. பாக்கினால் வாயின் உட்தோலின் கீழ் நார் மிகுந்து இறுகும், உறைப்பு எரியும், வாய் திறப்பது குறையும், சிலருக்கு அது பின்னாளில் புற்றாகவும் மாறும்.

"படித்த காலத்துக் குறிப்புகளோடு நின்றிருந்தால், போயிலை இல்லையென்று கேட்டதும் ஆறுதலடைந்து அனுப்பியிருப்பேன், மாஸ்டர்" என்றார்.

வியாழன் பிற்பகல்களில் அவர் வருவாயைப் பாராது கதவை அடைத்துவிடுவார். தாம் விளங்காது விட்ட நோய்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்து, அன்று அவற்றுக்கு விடை தேடுவார். இங்கிலாந்தில் 2018 இல் வந்த விதி, பல் வைத்தியர் ஐந்தாண்டுகளில் 100 மணி நேரமேனும் சான்றுடன் கற்க வேண்டுமென்கிறது. இவருக்கு அந்தக் கொப்பியே விதி.

சிறு தசைத்துண்டொன்றை எடுத்துச் சோதித்ததில் புற்று இல்லையென்று தெரிந்தது. ஆயினும் இறுகிய கன்னம் முழுதும் இளகப் போவதில்லை. அன்னையார் உரலைத் தாமே பரணில் ஏற்றிவிட்டார்; காலந்தோறும் வைத்தியரிடம் வாயைக் காட்டி வருகிறார்.

அன்றிரவு எம் சுகாதார பாடக் குறிப்பை எடுத்துப் பார்த்தோம். மஞ்சளித்த தாளில், "புகையிலையுடன் வெற்றிலை உண்ணல் தீது" என்றிருந்தது. பாக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருபது வகுப்புகள் அவ்வரியை எழுதிக்கொண்டு சென்றுவிட்டன. அவர்தம் வீடுகளிலும் பாட்டிமார் இருந்திருப்பர்.

அவ்வரியைத் திருத்தினோம். மாணவ நேயர்களே, எம்மிடம் பயின்றோர் உங்களுள் இருப்பின், நீங்களும் திருத்திக்கொள்ளுங்கள்.