கப்பிரி முத்தப்பனும் மார்ச் மாத டார்கெட்டும்

மட்டாஞ்சேரியில் வேலை பார்ப்பதில் ஒரு உபத்திரவம் உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்ட வேண்டும். டச்சு அரண்மனை, யூதத் தெரு, 1568ல் கட்டிய ஜெப ஆலயம், ஏலக்காய் வாசம் அடிக்கும் பஜார் ரோடு, கடைசியில் சீன வலைக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ. மூன்று வருஷத்தில் எனக்கு இது மனப்பாடம். இப்போதெல்லாம் நானாக இன்னொரு இடத்தையும் சேர்த்துக் கொள்கிறேன். மங்காட்டுமுக்கு என்கிற முனையில், சுவரை ஒட்டி ஒரு சின்னத் திண்டு. சிலை கிடையாது, கோபுரம் கிடையாது. மெழுகுவர்த்தி உருகி வழிந்த தடம் இருக்கும். சில நாள் சுருட்டு இருக்கும். கள்ளும் முட்டையும்கூட வைப்பார்களாம். சாமியின் பெயர் கப்பிரி முத்தப்பன்.

கப்பிரி என்றால் ஆப்பிரிக்கர். போர்த்துக்கீசியர்கள் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்கள். 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, ஓட வேண்டி வந்த போர்த்துக்கீசிய முதலாளிகள் தங்கத்தையும் வெள்ளியையும் மரத்தடியிலும் சுவருக்குள்ளும் புதைத்தார்கள். காவலுக்கு ஆவி வேண்டும் என்று கூடவே ஒரு அடிமையையும் கொன்று புதைத்தார்கள். முதலாளி திரும்பி வரவேயில்லை. கப்பிரி மட்டும் இன்னும் காவல் காத்துக்கொண்டு, சுருட்டுப் பிடித்துக்கொண்டு, தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார். எல்லா மதத்துக்காரர்களும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

இது வாய்வழிக் கதைதான், பத்திரம் கிடையாது. ஆனால் போர்த்துக்கீசியர் அடிமைகள் வைத்திருந்தது கதை அல்ல. பின்னால் வந்த டச்சுக்காரர்கள் இங்கிருந்தே ஆட்களை விலைக்கு வாங்கி பத்தேவியாவுக்கும் தென்னாப்பிரிக்காவின் கேப்புக்கும் கப்பலேற்றியதும் கதை அல்ல. இந்த இரண்டு கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஃபோர்ட் கொச்சியில், 1524ல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த அதே கோயிலில், முதலில் போர்த்துக்கீசியர் முழங்கால் போட்டார்கள். அப்புறம் டச்சுக்காரர்கள் அதைச் சீர்திருத்த சபை ஆக்கி, அவர்களும் ஜெபித்தார்கள். உபதேசம் மாறியது. அடிமைக் கணக்கு மாறவில்லை.

கத்தோலிக்கரையோ வெள்ளைக்காரரையோ குத்திக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் திருநெல்வேலிச் சீமையின் சி.எஸ்.ஐ. குடும்பத்துக்காரன். எங்கள் பக்கத்துக் கதை ஒன்றும் குறைந்ததல்ல. 1833ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமான பேர் சாதியை விடவில்லை, ஆராதனையை விட்டார்கள். எங்கள் ஜில்லாவின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலையே இரண்டு கிளையாகக் கட்டி, நடுவில் சுவர் வைத்து, சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்தார்கள். 1910 வாக்கில் பாதிரியார் அந்தச் சுவரை இடித்தபோது, திரும்பக் கட்டித் தரச் சொல்லி வழக்குப் போட்டார்கள்! மெட்ராஸ் ஹைகோர்ட் வரை போய்த் தோற்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே பீடத்தைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தது என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

இவர்களை மாய்மாலக்காரர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்குச் சுலபமாகப் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் அவர்கள் பொய்யாக ஜெபிக்கவில்லை, நிஜமாகவே ஜெபித்தார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

நம் எல்லோருக்கும் தெரிந்த ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டை எழுதிய ஜான் நியூட்டனை எடுத்துக் கொள்ளுங்கள். 1748ல் நடுக்கடல் புயலில் உயிர் தப்பி ஆண்டவரைத் தேட ஆரம்பித்தவர். அதற்கு அப்புறம்தான் அவர் அடிமைக் கப்பலுக்கு கேப்டனாகவே ஆனார் என்பதைப் பிரசங்கங்களில் பெரும்பாலும் சொல்வதில்லை. 1750 முதல் 1754 வரை மூன்று பயணம். மேல்தட்டில் மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை நடத்துவார். கீழ்த்தட்டில் சங்கிலியில் மனிதர்கள். 1754ல் வேலையை விட்டதும் மனசாட்சி உறுத்தியதால் அல்ல, உடம்புக்கு வந்ததால். 1764ல் குருப்பட்டம். அந்தப் பாட்டு 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதியது. அடிமை வியாபாரத்தை வெளிப்படையாகக் கண்டித்து, தானும் அதில் இருந்தேன் என்று வெட்கத்தோடு அவர் புத்தகம் போட்டது 1788ல். வேலையை விட்டு 34 வருஷம் கழித்து!

கிருபை வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமா? அப்படி நான் நினைக்கவில்லை. குடி, கெட்ட வார்த்தை என்று அவர் எடுத்து நீட்டிய பேரேட்டை அது சீக்கிரம் சரி செய்தது. அவர் நீட்டாத பேரேட்டையும் கடைசியில் திறந்தது. ஆனால் அந்த 34 வருஷத் தாமதத்துக்கு வட்டி கட்டியது நியூட்டன் அல்ல, கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தவர்கள். கிருபையைப் பற்றி ரொம்பவும் உருகிப் பேசுகிறவர்கள் (நம் சபைகளில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை) இந்த வட்டியைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

பேரேடு என்றதும் பி.காம். படித்த புத்தி வெளியே வருகிறது, மன்னிக்கவும். இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை முதன்முதலில் அச்சில் விளக்கியவர் லூக்கா பாச்சியோலி, ஒரு பிரான்சிஸ்கன் சந்நியாசி. புத்தகம் வெளியானது 1494ல், வெனிஸில். ட காமா கோழிக்கோட்டுக்கு வருவதற்கு நான்கு வருஷம் முன்பு. கணக்குப் புத்தகத்தை ஆண்டவர் நாமத்தில், சிலுவை அடையாளம் போட்டுத் தொடங்க வேண்டும் என்று அதில் சொல்கிறார். அதே புத்தகத்தில், வாங்குகிறவனுக்கு ஒன்று, விற்கிறவனுக்கு ஒன்று என்று இரண்டு செட் புத்தகம் வைத்துக்கொண்டு, அதன் மேல் சத்தியமும் செய்கிற வியாபாரிகளைத் திட்டுகிறார். அப்படியானால் அந்தக் காலத்திலேயே இது சகஜமாக இருந்திருக்கிறது. இரண்டு புத்தகத்திலும் முதல் பக்கத்தில் சிலுவை இருந்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

நமக்கும் இரண்டு புத்தகம் புதிதல்ல. ஃப்ளாட் வாங்கும்போது வெள்ளையில் இவ்வளவு, கறுப்பில் இவ்வளவு. குடியிருக்காத வீட்டுக்கு வாடகை ரசீது. போகாத ஊருக்கு எல்.டி.சி. பில். வீடு கிரகப்பிரவேசத்துக்குப் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபிக்கும்போது கறுப்புப் பணத்தை யாரும் ஜெபக்குறிப்பில் சேர்ப்பதில்லை.

பேங்க் வேலையில் சோதனை என்றால் வெளியே இருப்பவர்கள் லஞ்சம் என்று நினைக்கிறார்கள். லஞ்சம் வாங்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டமல்ல, பயமே பாதி காப்பாற்றிவிடும். கஷ்டமானது, சட்டப்படி சரியாக இருக்கிற சோதனை. போன மார்ச் மாதம். வருஷக் கடைசி, மேலிடத்திலிருந்து தினமும் இரண்டு போன், இன்ஷூரன்ஸ் டார்கெட் பாதிகூட வரவில்லை. அப்போது ஒரு பாட்டி வந்தார். இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், டச்சுக்காரர் காலத்திலேயே வந்தவர்கள் என்பார்கள். அதுபோல ஒரு பழைய குடும்பம். வீடு விற்ற பங்குப் பணம் மூன்று லட்சம் கையில். டெபாசிட் போட வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பையன், பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறான்.

நான் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. “இதுல இன்னும் நல்ல ஸ்கீம் ஒண்ணு இருக்கும்மா” என்றால் போதும். பாட்டி கையெழுத்துப் போட்டுவிடுவார், தமிழ் பேசுகிற ஆபீசர் என்கிற ஒரே நம்பிக்கையில். எல்லா நிபந்தனையும் ஃபாரத்தில் அச்சாகி இருக்கிறது, என்ன, இங்கிலீஷில். ஐந்து வருஷம் பணத்தைத் தொட முடியாது என்பது உட்பட. அந்த நேரம் எனக்கு எந்த வசனமும் நினைவுக்கு வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மனதில் ஓடியது டார்கெட் ஷீட்டின் சிவப்புக் கட்டம் மட்டும்தான்.

பாட்டி கேட்டார். “தம்பி, பைசா எப்ப வேணும்னாலும் எடுக்கலாமில்லே? பேத்திக்கு ஆஸ்பத்திரிச் செலவு வரும்.”

அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த ஃபாரத்தை எடுக்க முடியவில்லை. “இதுன்னா எடுக்கலாம்மா, கொஞ்சம் வட்டி குறையும்” என்று சொல்லி சாதாரண எஃப்.டி. போட்டுக் கொடுத்தேன். பையன் பேனாவை மூடினான். சாயங்காலம் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இதை எழுதும்போதே உள்ளே ஒரு பரிசேயன் காலரை இழுத்துவிட்டுக் கொள்வது எனக்குத் தெரிகிறது. அவனுக்குச் சொல்ல வேண்டியது, காப்பாற்றியது உன் யோக்கியதை அல்ல, அந்தக் கேள்வி. அவர் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. கிருபை என்ற வார்த்தையைச் சின்ன வயசிலிருந்து பாடியிருக்கிறேன். அது செருப்பு தேய்ந்த ஒரு பாட்டியின் வாயிலிருந்து கேள்வியாக வரும் என்று எந்த ஞாயிறு பள்ளியிலும் சொல்லித் தரவில்லை.

சத்தியம் என்றதும் மட்டாஞ்சேரியின் இன்னொரு விஷயம். கூனன் குரிசு என்று கேள்விப்பட்டிருக்கலாம். அஹத்தல்லா என்கிற கீழைநாட்டு ஆயரைப் போர்த்துக்கீசியர் பிடித்து வைத்தார்கள். கடலில் மூழ்கடித்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. 1653 ஜனவரி 3ஆம் தேதி, கொதித்துப்போன மார்த்தோமா கிறிஸ்தவர்கள் இங்கே ஒரு சிலுவைக்கு முன் திரண்டு, ஜேசுயிட்டுகளுக்கு இனி அடங்க மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். எல்லோருக்கும் சிலுவையைத் தொட இடம் இல்லாததால், அதில் கயிறு கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாரம் தாங்காமல் சிலுவையே வளைந்தது என்பது கதை. சத்தியத்தின் சரியான வாசகம் என்ன என்பதில் இன்றும் சபைகளுக்குள் சண்டை. ஆனால் பத்து வருஷம் முடிவதற்குள் பெரும்பாலான கோயில்கள் ரோமின் பக்கமே திரும்பிவிட்டன. நின்றவர்கள் நின்றார்கள், அவர்கள் வழியில் வந்த சபைகள் இன்றும் இருக்கின்றன. நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் கேட்டது நியாயமான சுயமரியாதை.

எனக்கு அந்தக் கயிறுதான் கண்ணுக்குள் நிற்கிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் நாமும் அப்படித்தானே பிடிக்கிறோம்? இந்த வருஷம் பொய் சொல்ல மாட்டேன், கோபப்பட மாட்டேன், தசமபாகம் தவற மாட்டேன். ஜனவரி 3 வரை தாங்கினாலே பெரிய விஷயம். பொருத்தனை வேண்டாம் என்பதில்லை. ஆனால் சோதனை வருகிற நேரம் கயிறு கையில் இருப்பதில்லை, பேனாதான் இருக்கிறது.

பேங்க்காரனாக இன்னொரு விஷயமும் சொல்லத் தோன்றுகிறது. ரைட்-ஆஃப் வேறு, தள்ளுபடி வேறு. பேப்பரில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். ரைட்-ஆஃப் என்றால் எங்கள் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுவோம், ஆனால் கடன்காரர் கடன்காரர்தான், வசூல் தொடரும், கோர்ட் நோட்டீஸ் போகும். 2008ல் மத்திய அரசு விவசாயக் கடனுக்குச் செய்தது தள்ளுபடி. அதில் தகுதி இருந்தவருக்குக் கடனே இல்லை. ராஜாவிடம் பெருங்கடன் தள்ளுபடி வாங்கிக்கொண்டு வெளியே வந்தவன், நூறு காசு தர வேண்டிய கூட்டாளியின் கழுத்தைப் பிடித்த உவமை உங்களுக்குத் தெரியும். நாம் ஆண்டவரிடம் கேட்பது தள்ளுபடி. மாமியார், மச்சினன், சபைச் செயலாளர் ஆகியோருக்கு நாம் கொடுப்பது ரைட்-ஆஃப். மன்னித்தாயிற்று என்போம், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் பழைய பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்புவோம்.

பாட்டி நேற்று வந்திருந்தார். பேத்திக்கு ஆஸ்பத்திரிக்காக எஃப்.டி.யை உடைக்க வேண்டும் என்றார். பத்து நிமிஷத்தில் பணம் கையில். எண்ணிப் பார்த்து மடியில் முடிந்துகொண்டு, வட்டி குறைந்ததற்கு என்னிடம் கொஞ்ச நேரம் சண்டையும் போட்டுவிட்டுப் போனார். புதன்கிழமை எங்களுக்கு மறுபடியும் டார்கெட் மீட்டிங்.