கத்தரித்த காயம்

கனி தரும் கிளையையும் தோட்டக்காரர் கத்தரிப்பார் என்னும் உவமையை ஒவ்வோர் ஆண்டும் திருப்பலியில் கேட்கிறோம். கத்தரித்தபின் கொடியில் எஞ்சும் காயத்தைப் பற்றி இங்கே சிறிது எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பிரான்சு நாட்டில் திராட்சைக் கொடிகளைக் குளிர்காலத்தில் கத்தரிப்பர். மழை பெய்யும்போது வெளிப்படும் பூஞ்சை வித்துகள் அப்புதுக்காயங்களில் வந்து தங்கும். யூட்டைப்பா லாட்டா என்பது அத்தகைய பூஞ்சைகளுள் ஒன்று. அது கட்டைக்குள் இறங்கி ஓசையின்றி மரத்தை அரிக்கும். வெளியே அறிகுறி தோன்றச் சில ஆண்டுகள் ஆகும். பின்னர் ஒரு வசந்தத்தில் தளிர்கள் குறுகும். இலைகள் சிறுத்து, மஞ்சளித்து, ஓரம் கிழிந்து சுருளும். வியப்பு யாதெனில், வாடிய இலையில் பூஞ்சை இராது. அது கட்டையிலேயே குடியிருக்கும். அது சுரக்கும் நஞ்சுதான் கொடியின் சாற்றோடு மேலேறி இலையை வாட்டுகிறது. யூட்டைப்பின் என்பது அந்நஞ்சுகளுள் ஒன்றன் பெயர்.

எம் உறவினருள் இரு சகோதரர் உளர். பாகப்பிரிவினை நாளில் மூத்தவர் இளையவரை நோக்கி ஒரு சொல் சொன்னார். பிரிவினை முறையாகவே நடந்தது. அந்த வெட்டு தேவையானதே. காயத்தை மட்டும் எவரும் மூடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, அவர்தம் பிள்ளைகள் ஒருவர் திருமணத்திற்கு மற்றவர் செல்லாதபோது, இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பாசமில்லை என்று ஊர் பேசிற்று. இலையைக் கண்டவர்கள் கட்டையைக் காணவில்லை.

நஞ்சை நஞ்சால் ஒழிக்கவும் மனிதர் முயன்றதுண்டு. எஸ்கா என்னும் மற்றொரு கட்டை நோய்க்குச் சோடியம் ஆர்சனைட்டைத் தெளித்தனர். தெளிப்பவர் உடலுக்கே அது கேடு என்பதால் பிரான்சு 2001இல் அதைத் தடை செய்தது. மழையற்ற நாளில் கத்தரித்தல், காயத்தின்மேல் பூச்சிடுதல், நோயுற்ற கட்டையை நலமான பகுதிவரை அறுத்தெறிந்து புதுத் தளிரை வளர்த்தல் ஆகியவையே உழவர் கைக்கொள்ளும் வழிகள்.

நம் அடுக்களைப் பச்சைப்பயறும் இக்கதையில் வருகிறது. அதிலுள்ள ஒரு நொதி யூட்டைப்பினைத் தீங்கற்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது என்றும், அதற்குரிய மரபணுவைப் பெற்ற திராட்சைத் திசு அந்நஞ்சைத் தாங்கிற்று என்றும் 1998இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தோட்டத்து மருந்தாக அது இன்னும் மாறவில்லை. ஆயினும் எளிய பயறு நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. தன்னிடம் வந்த நஞ்சை அது மற்றொருவருக்குத் திருப்பி அனுப்புவதில்லை. தன்னுள்ளேயே அதை நஞ்சற்றதாக்குகிறது.

மூத்தவர் இன்று படுக்கையில் இருக்கிறார். இளையவர் நாள்தோறும் அத்தெருவழியே கோயிலுக்குச் செல்கிறார். அவ்வீட்டு வாசலில் அவர் கால்கள் நிற்கும் ஒரு நாளுக்காகவே நாங்கள் மன்றாடுகிறோம்.