பிராக்கன் மலைச் சாரலில்

ஜெர்மனியின் நடுப்பகுதியிலுள்ள ஹார்ட்ஸ் மலைகளில் உயர்ந்தது பிராக்கன்; 1,141 மீட்டர். அதன் உச்சிக்கு இன்றும் நீராவி ரயில் செல்கிறது. பசுங்காட்டினூடே புகை கக்கி ஏறும் அவ்வண்டியின் படங்களைக் கண்டு மயங்கியே நாங்கள் புறப்பட்டோம். ஷீர்க்கே நிலையத்தைத் தாண்டியதும் இருமருங்கும் நாங்கள் கண்டதோ, சாம்பல் நிறத்தில் பட்டு நின்ற மரங்கள்! காட்டுத் தீயோ என்று ஐயுற்றோம். தீயன்று, வண்டு.

அரிசி மணியளவே உள்ள பட்டை வண்டு அது. ஜெர்மானியர் அதனை ‘நூல் அச்சிடுவோன்’ என்கின்றனர். வீழ்ந்து கிடந்த மரமொன்றின் பட்டையைப் புரட்டியபோது காரணம் விளங்கிற்று. தாய் வண்டு குடைந்த நேர்க்கோடு. அதன் இருபுறமும் புழுக்கள் அரித்த வரிகள். செல்லரித்த ஏட்டுச் சுவடி என்றே நாம் சொல்லியிருப்போம்.

நலமாயுள்ள ஸ்புரூஸ் மரம் பிசினைச் சுரந்து வண்டை மூழ்கடித்துவிடும். வேரில் நீர் வற்றினால் பிசின் ஏது? 2018 ஜனவரியில் புயல் மரங்களைச் சாய்த்தது; அவ்வாண்டும் அடுத்த ஈராண்டும் வறட்சி. வீழ்ந்த மரத்தில் பெருகிய வண்டு, நின்ற மரத்துக்குத் தாவியது.

இவ்வாபத்தை முன்கூட்டிக் கணிக்க இயலாதா? ஓரளவு இயலும். வெப்பம் சுமார் 16.5 டிகிரியை எட்டினால்தான் இவ்வண்டு பறக்கும். பட்டையினுள் 8.3 டிகிரிக்கு மேற்படும் வெப்பத்தை நாள்தோறும் கூட்டிவர, தொகை 557 ஆனதும் ஒரு தலைமுறை முதிரும். 2007-இல் வியன்னா ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இது. குளிர்ந்த ஆண்டில் ஒரு தலைமுறை. வெம்மை மிக்க ஆண்டில் இரண்டு, தாழ்ந்த சரிவுகளில் மூன்றுகூட. புவி வெப்பம் ஏற ஏற இத்தொகை விரைந்து நிரம்புகிறது. கணக்கிருந்தும் கண் ஏமாறும்: இலை சிவந்து மரத்தின் நோய் புலப்படுகையில் வண்டுகள் பெரும்பாலும் குடும்பத்தோடு வெளியேறியிருக்கும். ஆகவே அடிமரத்தில் காப்பிப் பொடி போல் உதிரும் தூளைத் தேடிக் காடெங்கும் அலைகின்றனர் வனக் காவலர்.

வண்டை மட்டும் பழிப்பது முறையன்று. இம்மலையின் மேற்பகுதியில்தான் ஸ்புரூஸ் இயல்பாக வளர்வது. கீழே இருந்த பீச் மரக்காட்டைச் சுரங்கத்துக்கும் உலைக்கும் வெட்டித் தீர்த்து, விரைவில் வளரும் ஸ்புரூஸை வரிசை வரிசையாக நட்டவர் மனிதரே. ஒரே இனம், ஒரே வயது. வண்டுக்கு இலை போட்டு வைத்த விருந்தல்லவா!

தேசியப் பூங்காவின் உட்பகுதியில் பட்ட மரங்களை அப்படியே விட்டுவிட்டனர். அயலார் காட்டுக்குப் பரவாதிருக்க எல்லையோரத்தில் மட்டும் வெட்டி அகற்றுகின்றனர். அலங்கோலம் என்று குறை கூறுவோர் உண்டு. எங்களுக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. திரும்புகையில் ரயிலை விட்டு நடந்தே இறங்கினோம். வெளுத்த அடிமரங்களின் நடுவே, யாரும் நடாத பிர்ச் கன்றுகள் எங்கள் இடுப்பளவு வளர்ந்திருந்தன.