தண்ணீருக்குள் ஒரு நெருப்பு

கோவையின் கணபதியில் அந்த மோட்டார் பட்டறையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கருகின ஒயர் வாசம் தெருமுனைக்கே வந்துவிட்டது. போர்வெல்லிலிருந்து ஏற்றிய நாலைந்து சப்மெர்சிபிள் மோட்டார்கள், மேலே ஒட்டிய சேறு காயாமல், வாசல் சுவரில் சாய்ந்து கிடந்தன.

நான் போனது வேறொரு கேள்வியோடு. சுவீடனில் வீட்டுப் பக்கத்தில் துளை போட்டு, குழாய் இறக்கி, உறையாத நீர்க்கலவையைச் சுற்ற விடுகிறார்கள். அது கொண்டுவரும் மண்சூட்டை ஒரு கம்ப்ரசர் கூட்டிக் கொடுக்க, வீடு கதகதப்பாகிறது. வேனிலில் இதையே திருப்பி வீட்டுச் சூட்டை மண்ணுக்குள் தள்ளலாம். 1912லேயே சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிச் ஸோலி காப்புரிமை கேட்ட யோசனை. ஆயிரம் அடி துளைக்க அஞ்சாத நம் ஊரில் இது ஏன் இல்லை?

மோட்டாருக்கு ஒயர் சுற்றும் வைண்டிங் வேலை செய்துகொண்டிருந்த அக்கா பதில் சொல்லவில்லை. உதடு மட்டும் அசைந்தது. சுற்று எண்ணுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

ஒயர் சுற்றப்படும் ஸ்டேட்டர், மோட்டாரின் அசையாத பகுதி, குழாய் மாதிரி நீளமாக இருக்கிறது. உள்சுவர் நெடுக ஸ்லாட்டுகள். தரைக்கு மேலே ஓடும் மோட்டார்களில் காயிலைத் தனியே சுற்றி ஸ்லாட்டில் இறக்கிவிடலாம். இதில் வாய் குறுகல், ஒயரை ஊசியில் நூல் கோப்பதுபோல் ஒவ்வொரு சுற்றாக உள்ளே விட வேண்டும். அக்கா இந்தப் பக்கம் தள்ள, ஒரு பையன் அந்தப் பக்கம் வாங்கி அடுத்த ஸ்லாட் வழியே திருப்பி அனுப்பினான். இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஒயர் இழுபடும் விதத்திலேயே சேதி போய்விடுகிறது.

ஸ்லாட் நிறைந்ததும் நிமிர்ந்தார். "நகம் வளர்க்கக் கூடாதுங்க, வளையலும் ஆகாது. ஒயர்ல ஒரு கீறல் விழுந்தாப் போதும், தண்ணி உள்ள பூந்துரும்."

மோட்டாருக்குள்ளேயே தண்ணீர்தான். அதனால் ஒயருக்கு வார்னிஷ் பூச்சு போதாது, பிளாஸ்டிக் உறை வேண்டும். பிவிசி உறை 70 டிகிரிக்கு மேல் தாங்காது. காற்றில் ஓடும் சாதாரண மோட்டாரின் சுருளோ 130 டிகிரிவரை நிற்கும். இழுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைச் சூடாக்கிவிடும் இயந்திரத்தில் இத்தனை மென்மையான ஒயர் பிழைப்பது வெளியே உரசிப் போகும் கிணற்று நீரால்.

என் கேள்வியை அப்புறம்தான் எடுத்தார். "சூட்டைப் பூமிக்குள்ள விடறதுதானுங்களே? மோட்டார் தெனமும் அதத்தானுங்க பண்ணுது. தண்ணி எறங்கிப் போச்சுன்னா இங்க வந்துருது."

கருகலைப் பார்த்தே கதை சொல்கிறார். மூன்று பேஸில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தால் ஒரு லைன் வராமல் ஓடியது. மொத்தமும் வெந்திருந்தால் பெரும்பாலும் தண்ணீரில்லாத கதை. பாதாளம்வரை துளைத்தாலும் நம் பாறையில் வெடிப்பு கிடைத்தால்தான் நீர்.

ஸோலியின் யோசனைக்கு இங்கே இடைஞ்சல் வேறு மாதிரி. சில பத்தடிகளுக்குக் கீழே மண் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். கோவைக்கு அது 27 டிகிரி வாக்கில். சித்திரை வெயிலோடு பார்த்தால் குளுமைதான். ஆனால் சுவீடன்காரர் மண்ணிலிருந்து சூட்டை எடுப்பார். நாமோ போட்டுக்கொண்டே இருப்போம், திரும்ப எடுக்கக் குளிர்காலம் கிடையாது. துளையைச் சுற்றியுள்ள பாறை வருஷா வருஷம் சூடேறும். நாலு சென்ட் வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது என்றே எனக்குப் படுகிறது.

1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்துகாட்டிய ஊர் இது. பாலசுந்தரத்தின் டெக்ஸ்டூல் நிறுவனம் இதே கணபதியில்தான் இருந்தது. அந்தப் பெருமையெல்லாம் இருந்தும், இந்தப் பட்டறையில் பீஸ் கணக்குக் கூலிதான்.

முடித்த மோட்டாரை நிமிர்த்தி, பையன் சொம்பால் நல்ல தண்ணீர் ஊற்றினான். குமிழ் வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊற்றினான், மறுபடி குமிழ்.

"அவசரப்படாத கண்ணு," என்றார் அக்கா, அடுத்த ஸ்டேட்டரைத் துடைத்தபடி. "காத்து பூரா வரட்டும். அப்பறம் மூடு."