ரேகையில்லா விரல்

ஆங்கில ஆசிரியராகப் போகும் இளைஞர்களுக்குப் பயிற்சியளிப்பது என் தொழில். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ ஆயிரம் தாள்களைத் திருத்தியிருப்பேன். மதிப்பெண் இட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னர் அதை நினைத்து உறக்கமின்றிப் புரண்டது ஒரே ஒரு முறைதான். 2024ஆம் ஆண்டில் நடந்தது அது.

பி.எட். வகுப்பில் முப்பது பேர் இருந்தனர். அவர்களுக்கு ‘டிஜிட்டல் கதை சொல்லல்’ என்னும் பயிற்சியை வைத்திருந்தேன். பெயர் புதிதாயினும் பொருள் எளிது. தன் வாழ்வில் கண்ட ஒன்றை இரண்டு மூன்று நிமிடத்துள் அடங்குமாறு எழுதி, தன் குரலிலேயே வாசித்துப் பதிந்து, சில நிழற்படங்களோடு கோத்துச் சிறு படமாக்கிக் காட்டுவது. 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டானா ஆட்ச்லி, ஜோ லாம்பர்ட் முதலானோர் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். அவர்களுடைய ஏற்பாட்டில் கருவியைத் தொடுமுன் எல்லாரும் வட்டமாக அமர்ந்து தம் கதையை ஒருவருக்கொருவர் வாயால் சொல்லிக் காட்ட வேண்டும். நூலில் அதைப் படித்திருந்தும், நேரம் போதாது என்று நான் அந்தப் படியைத் தாண்டிவிட்டேன்.

‘எங்கள் வீட்டு மூத்தவர்’ என்பது தலைப்பு. ஒரு வாரத்தில் முப்பது தாள்களும் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஓர் இளைஞன் எழுதியதைப் படித்து நான் மகிழ்ந்துபோனேன். இஷாத் தொழுகைக்குப் பிறகு பேரப்பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக்கொண்டு கிஸ்ஸா சொல்லும் பாட்டியைப் பற்றிய கதை. ஓர் இலக்கணப் பிழை இல்லை. அத்தர் மணம், அரிக்கேன் விளக்கு, முற்றத்து நிலா எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு இட்டேன். பத்தமடையிலிருந்து வரும் ஒரு பெண் எழுதிய தாளோ சிவப்பு மையில் மூழ்கியது. வினைச்சொல் இருந்தால் எழுவாய் இல்லை. எழுவாய் இருந்தால் காலம் இல்லை. ஒன்பது மதிப்பெண்.

மறுநாள் அந்த இளைஞனை எழுப்பி அவனுடைய கதையை வாசிக்கச் செய்தேன். வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “உங்கள் பாட்டி உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?” என்று கேட்டாள். குறும்பாகக் கேட்டதன்று, கதை பிடித்துப்போய்க் கேட்டது. அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு மெல்ல, “சார், நான் பிறப்பதற்கு முன்பே அவர்கள் மௌத்தாகிவிட்டார்கள்” என்றான்.

சாட்ஜிபிடியிடம் ஒரு முஸ்லிம் பாட்டியைப் பற்றி முந்நூறு சொற்களில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறான். அதுவும் எழுதித் தந்திருக்கிறது. 2022 நவம்பர் இறுதியில் பொதுமக்கள் கைக்கு வந்த அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை நம்மில் பலர் இன்று ஒருவாறு அறிவர். மலைபோல் குவிந்த எழுத்துகளைக் கொண்டு பழக்கப்படுத்தப்பட்ட அது, இந்தச் சொல்லுக்கு அடுத்தாற்போல் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டுக் கோத்துக்கொண்டே போகிறது. ஆகவே பாட்டி என்றால் விளக்கு, விளக்கு என்றால் நிலா! யாருடைய பாட்டியும் அல்லாத ஒரு பாட்டி அவ்விதம் உருவாகிவிடுகிறாள். நான் அவளுக்கு இருபத்து நான்கு கொடுத்திருந்தேன்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு நாவெழவில்லை. பிழையற்ற ஆங்கிலத்துக்கே மதிப்பெண் என்று காலமெல்லாம் சொல்லாமல் சொல்லி வந்தவன் நான். பிழையே செய்யாத ஒன்றை அவன் தேடிப் பிடித்துக்கொண்டான்.

அன்றிரவு முப்பது தாள்களையும் மறுபடி எடுத்து, சிவப்புப் பேனாவை அப்பால் வைத்துவிட்டுப் படித்தேன். பத்தமடைப் பெண்ணின் தாளில் ஒரு வரி என்னை நிறுத்தியது. ‘ஹெர் ஃபிங்கர் நோ லைன். மெஷின் ஸே நோ.’ முதல் நாள் இவ்விரண்டு வரிகளிலும் பிழைகளை வட்டமிட்ட நான், அவை என்ன சொல்கின்றன என்று பார்த்திருக்கவில்லை.

திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாயை அறியாதார் நம் வீடுகளில் குறைவு. தாமிரபரணிக் கரையின் கோரையை உலர்த்தி, நீரில் ஊறவைத்து, இழையிழையாகக் கிழித்து, நூற்பாவில் முஸ்லிம் குடும்பங்கள் நெய்யும் பாய் அது. நயமான பாயைத் துணிபோல் மடித்து வைக்கலாம். அவ்வளவு மென்மை வரவேண்டுமானால் கோரையை அவ்வளவு மெல்லியதாகக் கிழிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் உம்மம்மா சிறுவயது முதல் கிழித்துக் கிழித்து விரல்நுனி தேய்ந்தவர். ரேஷன் கடையில் கைரேகைக் கருவி வந்தபோது, அதில் அவர் விரல் பதியவில்லை. வேறு ஆளை அழைத்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இவ்வளவையும் அவள் பதினோரு வரிகளில் எழுதியிருந்தாள்.

இவ்விடத்தில் நம்மவரின் பழைய வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஹதீஸ்கலை அறிஞர்கள் ஒரு செய்தி தம்மிடம் வந்தால் அதன் வாசகத்தோடு நின்றுவிடவில்லை. இஸ்னாத் எனப்படும் அறிவிப்பாளர் தொடரையும் துருவிப் பார்த்தார்கள். யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டது, இருவரும் சந்தித்திருக்கக் கூடுமா என்றெல்லாம் ஆராய்ந்தார்கள். வாசகம் எத்துணை அழகாயிருந்தாலும் தொடர் அறுந்திருந்தால் தயங்கினார்கள். புனிதமான அக்கலையைப் பாய் முடையும் கதையோடு வைத்து ஒப்பிடுகிறேன் என்று யாரும் கொள்ள வேண்டாம். அந்தக் கேள்வி நம் வீட்டுச் சொத்து என்று மட்டுமே சொல்கிறேன். பள்ளிப்பருவம் முதல் அதைக் கேட்டு வளர்ந்த நான், ஒரு மாணவனின் தாளில் அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

மறுவாரம் முப்பது பேரையும் வட்டமாக உட்காரவைத்தேன். தமிழிலோ ஆங்கிலத்திலோ, கையில் தாளின்றிச் சொல்லுங்கள் என்றேன். இரண்டு பகல் கழிந்தது. பாடத்திட்டம் பின்தங்கியது, அதற்காக மேலிடத்தில் இரண்டு வார்த்தை கேட்கவும் நேர்ந்தது. அதை விடுவோம். அதன் பிறகே கருவியைத் திறந்தோம். அதைத் தடைசெய்ய வேண்டும் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1950களின் இறுதியில் சென்னை மாநிலத்தில் 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியளிக்க ஒரு பெருமுயற்சி நடந்தது. ஒருவர் பயின்று பலருக்கும் பயிற்றுவிப்பார், அந்தப் பலர் இன்னும் பலருக்கு என்று உருளவேண்டிய அதனைப் பனிப்பந்து என்றே அழைத்தார்கள். இவ்வகைப் பயிற்சியில் படிக்குப் படி சரக்கு நீர்த்துப்போகும் என்பது பயிற்றுநர் எல்லாரும் அறிந்த வருத்தம். இன்று கடைக்கோடிக் கிராமத்து ஆசிரியை ஒருத்தி தன் கைப்பேசியோடு இரவு பத்து மணிக்கும் ஆங்கிலத்தில் பேசிப் பழகலாம். அது சிரிக்காது. சிரிப்புக்கு அஞ்சியே வாய்திறவாத ஆசிரியர்களை நான் ஏராளமாகக் கண்டிருக்கிறேன்.

எனவே அதனிடம் என்ன கேட்பது என்பதில் மட்டும் ஒரு கட்டு விதித்தேன். பத்தமடைப் பெண் முதலில், “இதை மேம்படுத்திக் கொடு” என்று கேட்டுப் பார்த்தாள். பாட்டியின் விரல்கள் ஆயிரம் கதை சொல்கின்றன என்று ஆரம்பித்து அழகான ஒரு பக்கம் வந்தது. ரேஷன் கடையைக் காணோம்! பாய் நெய்யும் மூதாட்டியைப் படமாக வரையச் சொன்னபோது, நெற்றியில் பெரிய பொட்டுடன் இராட்டை சுற்றும் ஓர் அம்மையார் வந்தார். வகுப்பு முழுவதும் சிரித்தது, அவளும் சிரித்தாள். அடுத்து, “எழுதாதே, என் கதையைப் படித்து என்னிடம் கேள்வி கேள்” என்று பணித்தோம். அது கேட்ட ஐந்து கேள்விகளில் நான்கு வெறும் சக்கை. ஐந்தாவது இது: கடைக்காரர் திருப்பி அனுப்பியபோது உங்கள் பாட்டி என்ன செய்தார்?

நியாயத்தைச் சொல்ல வேண்டும். வட்டத்தில் அமர்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்பு சொன்னாள்: “ஒன்றும் சொல்லவில்லை சார். விரலைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார்கள்.”

அந்த வரி கதைக்குள் சென்றது. இலக்கணப் பிழைகளைச் சுட்டிக் காரணம் சொல்லுமாறு கருவியைக் கேட்டு, ஏற்பதை ஏற்று, மறுப்பதை மறுத்தாள். ‘ஹெர் ஃபிங்கர்ஸ் ஹேவ் நோ லைன்ஸ்’ என்று அந்த வாக்கியம் திருந்தியது. அதற்குமேல் அதில் கைவைக்க அவள் இணங்கவில்லை. முகத்தைப் படமெடுக்க உம்மம்மா சம்மதிக்கவில்லையாம். ஆகவே படம் முழுவதும் இரண்டு கைகள் மட்டுமே வந்தன. அந்த இளைஞனும் ஊருக்குப் போய் வந்து ஆறே வரியில் ஒன்று எழுதினான். அது ‘மை மதர் டோல்ட் மீ’ என்று தொடங்கிற்று.

கற்பித்தல் பயிற்சிக்காக அவளை அனுப்பிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். நான் பின்பெஞ்சில் இருந்தேன். படம் முடிந்தபின் பாடப்புத்தகத்து வினாக்களுக்கு அவள் போகுமுன்பே ஒரு பையன் எழுந்துவிட்டான். “மிஸ், தென் ஹூ பாட் ரைஸ்?” என்றான். அந்த வகுப்பில் யாரும் தாமாக ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவள் தன் வலக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

“ஐ வென்ட். மை ஃபிங்கர்ஸ் ஹேவ் லைன்ஸ்” என்றாள்.