வாயைக் கட்டியும் நிற்காத எடை

உடம்பு இளைத்தவர்களைப் பார்த்தால் எல்லோரும் பாராட்டுகிறோம். அதே எடை மறுபடி ஏறினால், "வாய்க் கட்டுப்பாடு இல்லை" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் கணக்கு வராவிட்டாலும், ஓட்டத்தில் பின்தங்கினாலும் வாத்தியார் சொல்லும் மருந்து ஒன்றுதான்: 'வொலொந்தே'. மனவுறுதி என்று பொருள். அந்த மருந்து இந்த நோய்க்குப் போதாது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

என் மனைவிக்கு முழங்கால் வலி. எடை 78 கிலோ. டாக்டர் சொன்னபடி எட்டு மாதம் வாயைக் கட்டி, வண்டி ஓடாத விடியற்காலையில் கடற்கரைச் சாலையில் தினமும் நடந்து, 66-க்கு வந்தாள். அடுத்த ஒன்றரை வருடத்தில் 72. சாப்பாட்டை அவள் கூட்டவில்லை. கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் அடிக்கடி சொன்னாள்: "முன்னைவிட இப்பதாங்க பசி அதிகமா இருக்கு."

ஒரு வளைகாப்பில் உறவுக்காரப் பெண் எல்லோர் முன்னிலையிலும், "என்ன அக்கா, பழையபடி ஆயிட்டீங்க?" என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். அதுகூடப் பரவாயில்லை. டாக்டரிடம் போனால் எடை பார்ப்பார்களே என்று ஒரு வருடம் சுகர் பரிசோதனைக்கே போகவில்லை.

அவள் சொன்ன பசி பொய்யில்லை. நம் கொழுப்புத் திசுவிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. 1994-ல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். 'கையிருப்பு போதும்' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும், மூளை பஞ்சம் வந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளும். இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடும். குடலிலிருந்து வந்து 'போதும்' சொல்லுகிற ஹார்மோன்கள் சில குறையும். உடம்பும் செலவைச் சுருக்கிக்கொள்ளும். அதாவது அதே எடையுள்ள இன்னொருவரைவிட இளைத்தவருக்குக் குறைந்த சாப்பாடே போதும், ஆனால் பசி அதிகம். என்ன நியாயம் பாருங்கள்!

இது சில வாரத்தில் சரியாகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவு கொடுத்து சராசரியாக 13 கிலோவுக்குமேல் இளைக்க வைத்தார்கள். ஓராண்டு கழித்துப் பரிசோதித்தபோதும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் தணியவில்லை. 2011-ல் வெளியான ஆய்வு இது. அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். சிக்கன உத்தரவு ஒரே நாளில் வந்துவிடும். நிதி நிலைமை சீரான பிறகும் அதை ரத்து செய்ய யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இப்போது எடை குறைக்க ஊசி வந்திருக்கிறது. செமாகுளுடைட் என்று பெயர். 'போதும்' சொல்லும் குடல் ஹார்மோனைப் போலவே அது வேலை செய்கிறது. ஊசியை நிறுத்தி ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிறது. அதற்காக யாராவது நோயாளியைத் திட்டுகிறோமா?

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போய் அவளிடம் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ எனக்குப் பைத்தியம் இல்லை" என்றாள். மறுவாரம் டாக்டரிடம் போனோம். அவர் 72-ஐப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "78-லிருந்து ஆறு கிலோ இன்னும் குறைவாகத்தானே இருக்கீங்க, முழங்கால் எப்படி?" என்று கேட்டார். மாடிப்படி ஏற முடிகிறது என்றாள். நடையை விட வேண்டாம், பருப்பு, சுண்டல், முட்டையைக் கூட்டி சோற்றைக் குறையுங்கள், மாதம் ஒரு முறை எடை பார்த்தால் போதும் என்றார்.

அடுத்த மாதம் எங்கள் பேத்திக்குக் காதுகுத்து. புடவை எடுக்க அவளே கிளம்பினாள், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.