ஒரு துபாஷியின் உதவி

எம் இல்லத்துக் கணிப்பொறி முதுமையெய்திற்று. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10இன் வழக்கமான பராமரிப்பு முடிவுற்றது. அடுத்ததாகிய விண்டோஸ் 11ஐ ஏற்கும் தகுதியோ எம் பொறிக்கில்லை. ஆகவே நண்பர் சிலர் சொற்படி லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அதில் நிறுவக் கருதினோம். ஆயினும் ஒரு கவலை எம்மைத் தடுத்தது. 2016இல் காலஞ்சென்ற எம் தமையனார் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ என்னும் விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் பெருவிருப்புடையவர். அவர் பாதியில் நிறுத்திச் சேமித்துவைத்த ஆட்டமொன்று அப்பொறியில் இருந்தது. 1999இல் வெளிவந்த அவ்விளையாட்டின் தகடு எம்மிடம் உண்டு. அதுவோ விண்டோஸுக்கென எழுதப்பட்டது.

இத்தறுவாயில் நண்பரொருவர் ‘வைன்’ என்பதை நாடுமாறு கூறினார். பெயர்கேட்டு மதுவிலக்கு அன்பர்கள் மருளற்க! ‘வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்’ என்பதன் சுருக்கமே அது. வேறொரு பொறியைப்போல் நடிப்பது அதன் தொழிலன்று. நிரலின் கட்டளைகளை எம் பொறியின் செயலி நேரே நிறைவேற்றுகின்றது. ஆனால், ‘இக்கோப்பைத் திற’, ‘இச்சாளரத்தை வரை’ என்று அந்நிரல் விண்டோஸை வேண்டுமிடத்து, வைன் இடைநின்று அதனை லினக்ஸ் அறியுமாறு பெயர்த்துரைத்து, விண்டோஸ் கூறுமாறே விடையும் தருகின்றது. கும்பினிக் காலத்துத் துபாஷிமார் செய்த தொழிலே இது. தரகுப்பணம் மட்டும் இல்லை.

1993இல் தொடங்கிய இப்பணியை 1994 முதல் அலெக்சாண்டர் ஜூலியார் என்பார் தலைமைதாங்கி நடத்திவருகின்றார். 1.0 என்னும் பதிப்பு வெளிவந்ததோ 2008இல்! அவர்கள் 15 ஆண்டு பொறுத்தார்கள். யாம் இரண்டு மாலைக்குள் பொறுமையிழந்தோம்.

புதிய விளையாட்டுக்களை நாடும் மாணவ நண்பர்க்கு, வைனை அடிப்படையாகக்கொண்டு வால்வ் நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட ‘புரோட்டான்’ உதவும். ஆனால் ஏமாற்றுத்தடுப்புக் காவலை இயங்குதளத்தின் உட்கருவிலேயே அமர்த்திய போட்டி விளையாட்டுக்கள் சில இதற்கு இணங்கா. எம் தேவை அத்துணைப் பெரிதன்று.

நிற்க. தமையனாரின் கோப்பை முன்னரே வேறிடத்தில் படியெடுத்துக்கொண்டு, லினக்ஸை நிறுவி, தகட்டையும் இட்டோம். திரை முழுதும் கருமையே தோன்றிற்று. மறுநாளும் அஃதே. தமையனாருடைய பொருளை எம் கையாலேயே தொலைத்தோமோ என்று அன்றிரவு உறக்கங்கொண்டிலோம். மூன்றாம் நாள், வைனின் அமைப்புப் பகுதியில் மெய்நிகர் மேசை என்பதைத் தெரிந்து, விளையாட்டைத் தனிச் சாளரத்துள் அடக்கிய பின்னரே ஒளி பிறந்தது. கோப்பை உரிய உறையிலிட்டுத் திறந்தோம்.

ஆட்டம் அக்கணமே ஓடத்தொடங்கவே, விரைந்து அதனை நிறுத்தினோம். பாதி எழுந்த மதில். அதன் அருகே கல் சுமந்த ஓர் ஆள். மூலையில் தமையனாரின் பெயர். ஒன்றையும் அசைக்க எமக்கு மனம் வரவில்லை. அன்னையாரை அழைத்துவந்து காட்டினோம். விளையாட்டென்பதே அறியாத அவர் நெடுநேரம் நோக்கியிருந்து, மதிலுக்கு வெளியே நின்ற ஆடுகளைச் சுட்டி, “இவற்றை உள்ளே ஓட்டாமலா எழுந்து போனான்?” என்றார்.